பால் டெஸ்ட் ரிசல்ட் இடிக்குதா? அறிகுறியைப் பார்த்து தப்பைப் பிடிக்கிற வழி

பால் வாங்குற இடத்துல டெஸ்ட் பெஞ்சுல நிக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். மோந்து பார்த்தா நல்லா இருக்கற பால் டெஸ்ட்ல தோத்துடும், லேசா வாடை அடிக்கிற பால் ஜம்முனு பாஸ் ஆயிடும், கொண்டு வந்தவர் முறைப்பார், மேல இருக்கறவர் ஏன்னு கேப்பாரு, நம்ம கையில டியூப்பை வச்சுக்கிட்டு முழிப்போம். எனக்கு வர்ற போன்ல நிறைய இந்த கதைதான், கேள்வியும் அதே பதிலும் அதே, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

தியரி கிடையாது. உங்க பெஞ்சுல எது தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாம பார்க்கக்கூடியது முதல்ல, செலவு வைக்கிறது கடைசில.

எதுக்கும் முன்னாடி

பாலை சந்தேகப்படறதுக்கு முன்னாடி பாட்டிலை சந்தேகப்படுங்க. மூணே மூணு விஷயம்.

கேனை நல்லா கலக்கிட்டுத்தான் மாதிரி எடுத்தீங்களா? மேல மிதக்கற கொழுப்போட கிருமியும் சேர்ந்து மேல வந்துடும், கலக்காம மேலாப்புல மொண்டு எடுத்தா அந்த கேனோட ரிசல்ட் இல்ல அது, மேல் நாலு விரல் பாலோட ரிசல்ட்.

மாதிரி பாட்டில் எது? கொழுப்பு டெஸ்டுக்கு அனுப்பற பாட்டில்ல கெடாம இருக்க மருந்து போட்டிருப்பாங்க. அதே பாட்டில்ல இருந்து நிறம் மாறுற டெஸ்டுக்கு எடுத்தா நீலம் சாயங்காலம் வரைக்கும் நீலமாவே இருக்கும். இதுல நானே மாட்டியிருக்கேன், கீழ சொல்றேன்.

நல்ல பால்னு உங்களுக்கு உறுதியா தெரிஞ்ச ஒரு பாலை பக்கத்துல வச்சு அதே டெஸ்டை செய்ங்க. அதுவும் தோத்தா பிரச்சனை பால்ல இல்ல, மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு ரீஏஜென்ட், அதாவது டெஸ்டுக்கு ஊத்தற கரைசல், பக்கம் போங்க. இந்த ஒரு டியூப் போட சோம்பல்பட்டுத்தான் நல்ல பாலை கீழ ஊத்தறாங்க.

அறிகுறி: அசிடிட்டி ஏறி வருது

அசிடிட்டின்னா பாலோட புளிப்பு அளவு. பால்ல இண்டிகேட்டர் சொட்டு விட்டு, பிங்க் வர்ற வரைக்கும் பியூரெட்ல (அளவு போட்ட கண்ணாடிக் குழாய்) இருந்து காஸ்டிக் சோடா விட்டு எத்தனை மில்லி ஆச்சுன்னு பார்க்கறோம், இதைத்தான் டைட்ரேட் பண்றதுன்னு சொல்றது. மாட்டுப்பால் புதுசா இருந்தா பொதுவா 0.13ல இருந்து 0.17% வரைக்கும் வரும், லாக்டிக் ஆசிட் கணக்குல. அதுக்கு மேல போனா ரெண்டு விதமா பிரிச்சுக்கோங்க.

எல்லா கேனுக்கும் ஏறுது:

அப்படின்னா பாலை விட்டுடுங்க. அத்தனை மாடும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நாள்ல கெட்ட பால் கறக்காது.

முதல்ல உங்க கண்ணு. லேசான பிங்க் வந்து அரை நிமிஷம் நின்னா நிறுத்தணும், ரோஜாப்பூ கலர் வர்ற வரைக்கும் விட்டீங்கன்னா 0.1, 0.2 மில்லி கூடுதலா போயிருக்கும். பக்கத்துல இண்டிகேட்டர் போடாத பாலை ஒரு கிண்ணத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, வெள்ளைக்கும் லேசான பிங்க்குக்கும் வித்தியாசம் அப்பதான் தெரியும்.

அடுத்தது பியூரெட் நுனி. குழாய்க்கு கீழ காத்துக் குமிழி மாட்டியிருந்து நடுவுல வெளிய போச்சுன்னா அந்த இடத்தை கரைசல் நிரப்பும், அது பால்ல விழாமலே அளவுல ஏறிடும். ஒரு தடவ வேகமா திறந்து விட்டு குமிழியை வெளியேத்திட்டு ஆரம்பிங்க.

ஃபார்முலாவும் பாட்டிலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா? இது அடிக்கடி நடக்கற தப்பு. 10 மில்லி பாலுக்கு 0.1 நார்மல் (நார்மல்ங்கறது கரைசலோட வலு அளவு) காஸ்டிக் சோடா ஓட்டினா, ஆன மில்லியை 0.09ஆல பெருக்கணும், 1.6 மில்லி ஆனா 0.144%. ஒன்பதுல ஒரு பங்கு நார்மல் கரைசல்னா அந்தப் பெருக்கல் வேணாம், பத்தால வகுத்தா போதும், 1.6 மில்லின்னா நேரா 0.16%. இப்ப பாட்டில்ல இருக்கறது 0.1, மனசுல இருக்கறது ஒன்பதுல ஒரு பங்கு கணக்குன்னா, 0.144 இருக்கற நல்ல பாலை 0.16ன்னு எழுதுவீங்க. புதுசா ஒருத்தர் வேலைக்கு சேர்ந்த வாரத்துல அசிடிட்டி திடீர்னு ஏறினா நான் முதல்ல கேக்கறது இதைத்தான்.

இதுலயும் இல்லைன்னா காஸ்டிக் சோடா வலு இழந்திருக்கு. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை அது இழுத்துக்கும், மூடி சரியா இல்லைன்னா நாளாக ஆக வலு குறையும், வலு குறைஞ்சா அதே பாலுக்கு அதிக மில்லி ஓடும், பார்க்க அசிடிட்டி ஏறின மாதிரி தெரியும். ஒரு தடவ வரிசையா எல்லா கேனும் 0.17, 0.18ன்னு வந்துச்சு, பாலை மோந்து பார்த்தா பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கு, கொதிக்க வச்சா திரியவும் இல்ல. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தா மூடி ஓரத்துல வெள்ளையா மாவு படிஞ்சிருக்கு. ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு சரி பார்த்தோம், 10 மில்லிக்கு 10 மில்லி ஆகவேண்டியது 11.5 மில்லி குடிச்சுது. கணக்கு போட்டா அத்தனை கேனும் 0.15 பக்கம்தான். அன்னைக்கு காலைல திருப்பி அனுப்பின ரெண்டு கேன் நல்ல பாலு, அதுக்கு இப்ப என்ன சொல்றது.

சரிபார்க்கறது சுலபம். 6.3 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் படிகத்தை ஒரு லிட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணில கரைச்சா 0.1 நார்மல். அதுல 10 மில்லி எடுத்து பினாப்தலீன் போட்டு உங்க காஸ்டிக்கை ஓட்டுங்க. 10 மில்லி கிட்ட நின்னா நல்லது, 10.3ஐ தாண்டினா புதுசு போடுங்க. ஆக்ஸாலிக் ஆசிட் விஷம், வாயால பிப்பெட் இழுக்கற பழக்கம் இன்னும் இருந்தா இன்னையோட விட்டுடுங்க.

ஒரே ஒரு கேன் மட்டும் ஏறுது:

இப்பதான் பால் மேல சந்தேகம் நியாயமானது. ஆனா உடனே முடிவு பண்ணாதீங்க, திடப்பொருள் அதிகமா இருக்கற பால் கறந்த உடனேயே 0.17க்கு மேல காட்டலாம், அது கெட்ட அமிலம் இல்ல, பாலோட இயல்பு. டியூப்ல 5 மில்லி எடுத்து கொதிக்கற தண்ணில 5 நிமிஷம் வைங்க. திரிஞ்சா பேச்சே இல்ல, அந்த கேன் உள்ள போகக்கூடாது. திரியலைன்னா ஆல்கஹால் டெஸ்ட், அதுலயும் நின்னா அந்த ஆளோட பால் வழக்கமா எவ்வளவு காட்டும்னு பழைய ரெஜிஸ்டரைப் புரட்டுங்க. தினமும் 0.17 காட்டறவர் இன்னைக்கும் 0.17ன்னா பயம் இல்ல, தினமும் 0.14 காட்டறவர் இன்னைக்கு 0.17ன்னா அங்கதான் ஏதோ நடந்திருக்கு, அனேகமா கறந்துட்டு குளிர வைக்காம விட்டிருப்பாங்க இல்லைன்னா ராத்திரி பாலையும் காலைப் பாலையும் கலந்திருப்பாங்க.

அறிகுறி: அசிடிட்டி ரொம்ப கம்மியா வருது

ஏறினா எல்லாரும் பதறுவாங்க, 0.10, 0.11ன்னு வந்தா நல்ல பால்னு நினைச்சு விட்டுடுவாங்க. எனக்கு இதுதான் அதிக பயம்.

டியூப், கிண்ணம் எல்லாம் சோப்புல கழுவி சரியா அலசாம விட்டிருக்கா? மிச்சம் இருக்கற காரமே பாதி அமிலத்தை தின்னுடும். பாலோட அளவு தெரியாம தண்ணி ஊத்தி டைட்ரேட் பண்றீங்களா? தண்ணி சேரச்சேர அளவு குறைஞ்சு காட்டும், அதனால சேர்க்கறதா இருந்தா தினமும் ஒரே அளவு, அதுவும் கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி.

இது ரெண்டும் இல்லைன்னா மூணு வழி பிரியுது.

லாக்டோமீட்டரும் (பாலோட அடர்த்தியைக் காட்டற மிதவை) கீழ இறங்கியிருந்தா தண்ணி கலந்திருக்கு. அந்த தண்ணி எங்க இருந்து வந்ததுங்கறதும் சுத்தத்தோட விஷயம்தான். டைஃபினைலமீன் டெஸ்ட்ல அடர் நீலம் வந்தா நைட்ரேட் இருக்கு, சுத்தமான பால்ல அது வர வாய்ப்பு குறைவு, கிணத்துத் தண்ணியோ குட்டைத் தண்ணியோ சேர்ந்திருக்கும்னு எடுத்துக்கலாம். ஆனா நைட்ரேட் இல்லாத தண்ணி கலந்திருந்தா இது காட்டாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

லாக்டோமீட்டர் சரியா இருக்கு, அசிடிட்டி மட்டும் கீழன்னா சோடா போட்டு புளிப்பை அமுக்கியிருக்கலாம். 5 மில்லி பால், 5 மில்லி ஆல்கஹால், அதுல ரோசாலிக் ஆசிட் 1% கரைசல் சில சொட்டு. நல்ல பால் பழுப்பு கலந்த மஞ்சளா நிக்கும், சோடா இருந்தா ரோஸ் சிவப்பு பளிச்சுனு வரும். நல்ல பாலுக்கும் சிவப்பு வந்தா உங்க டியூப்ல சோப்பு, திரும்ப மேல போங்க.

சோடாவும் இல்லைன்னா மடி நோய். மடி வீங்கின மாட்டுப் பால்ல பிஹெச் 6.8ஐ தாண்டும், அசிடிட்டி இறங்கும், உப்பு கரிக்கும். சோப்புக் கரைசல் கலந்து கட்டி ஆகுதான்னு பார்க்கற மடி நோய் டெஸ்டை கேன் பால்ல செஞ்சு ஏமாறாதீங்க, பத்து மாட்டுப் பால் கலந்ததுல ஒரு காம்போட நோய் அடங்கிப் போயிடும். மாட்டுக்கிட்ட போய் ஒவ்வொரு காம்புலயும் தனித்தனியா எடுக்கணும். கட்டி ஆச்சுன்னா அதோட உங்க வேலை முடிஞ்சது, கால்நடை டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க, ஊசி நீங்க சொல்லி போடாதீங்க, அந்த ஊசி மருந்து பால்ல வந்தா அடுத்த தலைவலி உங்களுக்கே.

அறிகுறி: ஆல்கஹால்ல திரியுது, அசிடிட்டி நார்மல்

சம அளவு பால், சம அளவு ஆல்கஹால், லேசா சாய்ச்சு கலந்தா டியூப் சுவத்துல வெள்ளைத் துகள் ஒட்டுது, ஆனா டைட்ரேஷன் 0.15 தான் காட்டுது. சண்டை அதிகம் வர்ற இடம் இதுதான்.

ஆல்கஹால் எவ்வளவு வலு? சாதாரணமா 68% வச்சு பார்ப்பாங்க, 96% ஆல்கஹால் 68 மில்லிக்கு தண்ணி 28 மில்லி சேர்த்தா வரும். யாராவது அவசரத்துல தண்ணி குறைச்சு கலந்துட்டா எந்த பாலும் திரியும். ஆல்கஹால் மீட்டரை மிதக்க விட்டு வெப்பநிலையோட சேர்த்து படிங்க. எதிர்ப்பக்கமும் இருக்கு, பாட்டிலைத் திறந்தே வச்சா ஆவியாகி வலு குறையும், அப்ப கெட்ட பால் பாஸ் ஆகும், அதை யாரும் புகார் பண்ண மாட்டாங்க, அதனால யாருக்கும் தெரியாது.

வலு சரின்னா சமமா ஊத்தினீங்களான்னு பாருங்க. அவசரத்துல ஆல்கஹால் ரெண்டு பங்கு விழுந்தாலும் திரியும்.

இதையும் தாண்டினா பால்ல விஷயம் இருக்கு, ஆனா அது புளிப்பு இல்ல. சீம்பால் கலந்திருக்கலாம், கறவை வத்தப்போற மாட்டுப்பாலா இருக்கலாம், மடி நோயா இருக்கலாம், இல்லைன்னா பால்ல இருக்கற கால்சியம் உப்பு சமநிலை தப்பியிருக்கும். அலிசரின் கலந்த ஆல்கஹால் வச்சிருந்தீங்கன்னா ஒரே டியூப்ல பதில் கிடைச்சிடும்: துகளோட மஞ்சள் பக்கம் போச்சுன்னா புளிப்பு, ஊதா பக்கம் போச்சுன்னா மடி நோய் அல்லது சோடா, செம்பழுப்பாவே நின்னு துகள் மட்டும் வந்தா உப்பு, சீம்பால் பக்கம் பாருங்க. தனியா சாதா ஆல்கஹால் வாங்கறதுக்கு இதையே வாங்குங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

கொதிக்க வச்சு பாருங்க. திரியலைன்னா அந்த பாலை உடனே சாதாரணமா காய்ச்சி பயன்படுத்தற வழிக்கு அனுப்பலாமான்னு உங்க மேலதிகாரி முடிவு பண்ணட்டும், ஆனா அதிக சூடு வச்சு பதப்படுத்தற லைனுக்கும் பவுடருக்கும் அனுப்பாதீங்க, மெஷினுக்குள்ள படிஞ்சிடும். அதே ஆள்கிட்ட இருந்து மூணு நாள் தொடர்ந்து இப்படி வந்தா கால்நடை டாக்டர், தீவனத்தையும் கறவை நாளையும் அவர் பார்க்கட்டும்.

அறிகுறி: மெத்திலீன் ப்ளூ நிறம் சீக்கிரம் போயிடுது

பால்ல கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் இந்த நீலச் சாயம் வெளுக்கும், அதுதான் இந்த டெஸ்ட். 10 மில்லி பால், 1 மில்லி சாயம், 37 டிகிரி தண்ணி. 5 மணி நேரத்துக்கு மேல நீலம் நின்னா ரொம்ப நல்லது, 3, 4 மணி நேரம் நல்லது, 1, 2 மணி நேரம் பரவாயில்லை, அரை மணி நேரத்துல வெளுத்தா மோசம். எல்லாரும் வச்சுக்கற அளவு இதுதான். இப்ப எல்லா டியூப்பும் அரை மணி நேரத்துல வெளுக்குதுன்னா:

வெயில் படுதா பாருங்க. இந்த சாயம் வெளிச்சத்துல பால்ல கிருமி இல்லாமலே வெளுக்கும். ஜன்னல் ஓரத்துல இருக்கற வாட்டர் பாத்துல (டியூப்பை வைக்கற சுடுதண்ணித் தொட்டி) மூடியைப் போடாம விட்டா காலைல ஒரு ரிசல்ட், மத்தியானம் ஒரு ரிசல்ட் வரும். ஒரு இடத்துல மத்தியானப் பால் மட்டும் தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்துச்சு, கொண்டு வர்றவரை எல்லாரும் திட்டிக்கிட்டு இருந்தாங்க, கடைசில ஜன்னலுக்கு ஒரு அட்டையை மாட்டினோம், பாஸ் ஆச்சு.

டியூப்பும் ரப்பர் கார்க்கும் கொதிக்க வச்சதா? கார்க்கை விரலால உள்பக்கம் தொட்டு சொருகறவங்க இருக்காங்க, பாலைவிட அந்த விரல்ல கிருமி அதிகம். ஒரே பிப்பெட்டை கழுவாம கேன் கேனா போட்டீங்கன்னா முதல் கெட்ட கேன் அடுத்த அஞ்சு கேனையும் இழுத்துட்டுப் போயிடும்.

வாட்டர் பாத் சூடு. வெளிய இருக்கற டிஸ்ப்ளேவை நம்பாதீங்க. ஒரு டியூப்ல தண்ணி ஊத்தி தெர்மாமீட்டரை அதுக்குள்ள வச்சு, பாத்தோட நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் தனித்தனியா பாருங்க. பால் மட்டத்துக்கு மேல தண்ணி நிக்கணும்.

சாயம் பழசு. அதுக்கு கன்ட்ரோல் டியூப் வேணும், இதை யாரும் போடறதில்ல. ஒரு டியூப்ல பாலும் சாயமும், இன்னொண்ணுல பாலும் சாயத்துக்கு பதிலா தண்ணியும், ரெண்டையும் கொதிக்கற தண்ணில 3 நிமிஷம் வச்சு ஆற வச்சு வரிசையோட சேர்த்து பாத்துல வைங்க. சாயம் போட்டது கடைசி வரைக்கும் நீலமா நிக்கணும். அதுவும் வெளுத்தா வெளிச்சமோ சாயமோதான் காரணம், பால் இல்ல. தண்ணி போட்டது உங்களுக்கு வெள்ளைன்னா எப்படி இருக்கும்னு காட்டும்.

கன்ட்ரோல் நீலமா நின்னு உங்க வரிசை மட்டும் வெளுத்தா அது பால்தான். கிருமி அதிகம், இல்லைன்னா மடி நோய் பால், அதுல இருக்கற செல்களும் சாயத்தை வெளுக்க வைக்கும்.

அறிகுறி: நீலம் போகவே மாட்டேங்குது, ஆனா பால் வாடை அடிக்குது

நிதானமா பார்க்கவேண்டியது இது. தப்பான நல்ல ரிசல்ட்டை யாரும் ரெண்டாவது தடவ செக் பண்ண மாட்டாங்க.

எனக்கு நடந்தது. ஒரு கேன், மூடியைத் திறந்ததுமே மூக்கு சுருங்குது, டியூப் போட்டா 7 மணி நேரமா நீலம். பக்கத்து டியூப் எல்லாம் ஒழுங்கா வெளுத்துக்கிட்டு வருது. ஃபார்மலின், பெராக்சைடு எல்லாம் பார்த்தாச்சு, பெராக்சைடு இல்ல, ஃபார்மலின் டெஸ்ட்ல மட்டும் ஊதா வளையம் வருது, சரி மாட்டினார்டான்னு கேன் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு பேச ஆரம்பிச்சுட்டோம். அப்பதான் பையன் மெதுவா வந்து, நான் அந்த மஞ்சள் மூடி பாட்டில்ல இருந்துதான் எடுத்தேன்னு சொல்றான். மஞ்சள் மூடி கொழுப்பு டெஸ்டுக்கு, நாங்களே ஃபார்மலின் விட்டு வச்சது. மன்னிப்பு கேட்டு அனுப்பிட்டு கேன்ல இருந்து திரும்ப எடுத்தோம், முக்கால் மணி நேரத்துல வெளுத்துடுச்சு. இப்ப மூடி கலர் மட்டும் இல்ல, அலமாரியே தனி.

பாட்டில் சரின்னா பாத் குளிர்ந்திருக்கா பாருங்க, 37க்கு பதிலா 33, 34ல இருந்தா எல்லாமே நீளும். சாயம் அதிகமா விழுந்திருந்தாலும் நீளும், மாத்திரை பாக்கெட்ல சொன்ன தண்ணி அளவை கண்ணால ஊத்தாதீங்க.

இது ரெண்டும் இல்ல, பால் ரெண்டு நாளா குளிர்ல இருந்து வருதுன்னா, டெஸ்டையே சந்தேகப்படணும். குளிர்ல வளர்ற கிருமிக்கு இந்த சாயத்தை வெளுக்கற வேகம் கம்மி, எண்ணிக்கை எக்கச்சக்கமா இருந்தாலும் நீலம் நின்னுக்கிட்டே இருக்கும். இந்த டெஸ்ட் குளிர வைக்காத கேன் பாலுக்காக வந்தது, டேங்க்ல 4 டிகிரில கிடந்த பாலுக்கு இதை மட்டும் வச்சு நல்ல பால்னு சான்றிதழ் குடுக்கறது சரியில்லைங்கறது என் கருத்து. மாதிரியை 13 டிகிரில 18 மணி நேரம் வச்சுட்டு கிருமி எண்ணிக்கை பார்க்கற லேபுக்கு அனுப்புங்க. இது உங்க பெஞ்சுல முடியற வேலை இல்ல.

பால் புதுசு, குளிர்ல இல்ல, அப்பவும் நீலம்னா கிருமியைத் தடுக்க ஏதோ சேர்ந்திருக்கு. வரிசையா பாருங்க:

பெராக்சைடு: பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் கலந்த கரைசல்ல நீலம் வந்தா இருக்கு. அந்த கரைசல் ஏற்கனவே மஞ்சளாகியிருந்தா கொட்டிடுங்க, அது தண்ணிக்கே நீலம் காட்டும். பெராக்சைடு நேரம் ஆக ஆக தானே கரைஞ்சு போயிடும், அதனால கேன் வந்த உடனே பார்க்கணும், மூணு மணி நேரம் கழிச்சு இல்லைன்னு வந்தா அது இல்லைன்னு அர்த்தம் இல்ல.

ஃபார்மலின்: அடர் சல்ஃப்யூரிக் ஆசிட்ல துளி ஃபெர்ரிக் குளோரைடு, பால் இருக்கற டியூப்பை சாய்ச்சு சுவர் வழியா மெதுவா இறக்கணும், ரெண்டும் சேர்ற இடத்துல ஊதா வளையம் வந்தா இருக்கு. பழுப்பு வளையம் வந்தா ஆசிட் பாலைக் கருக்கியிருக்கு, அதைப் பார்த்து யாரையும் குத்தம் சொல்லாதீங்க. கண்ணாடி போடாம இதை செய்யாதீங்க.

ரெண்டும் இல்லைன்னா மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து, இல்லைன்னா கேனைக் கழுவின கிருமிநாசினி மிச்சம். மருந்துக்கு தனி கிட் இருக்கு, பர்ப்பிளாவே நின்னா மருந்து இருக்கு, மஞ்சளானா இல்ல. கிட்ல பர்ப்பிள் வந்தா பாலைத் தனியா நிறுத்திட்டு அங்கீகாரம் பெற்ற லேபுக்கு மாதிரியை சீல் வச்சு அனுப்புங்க. அது சட்டம் பேசற விஷயம், உங்க டியூப்பை வச்சு வாதாட முடியாது.

அறிகுறி: மேல நீலம், கீழ வெள்ளை

பிரச்சனையே இல்ல. மேல் ஓரம் காத்தைத் தொடற இடம், அங்க நீலம் கடைசி வரைக்கும் ஒரு கோடா நிக்கும், மேல 5 மில்லிமீட்டர் வரைக்கும் விட்டுட்டு மீதி வெளுத்தா வெளுத்ததுன்னே எழுதுங்க. பாதி டியூப் நீலம்னா கொழுப்பு கிருமியை மேல தூக்கிட்டுப் போயிருக்கு அல்லது கலக்கல, டியூப்பை ஒரு தடவ மெதுவா கவுத்து நிமித்தி வைங்க. குலுக்கினீங்கன்னா காத்து கலந்து நீலம் திரும்பி வரும், வெளுத்த டியூப்பை மேலதிகாரிகிட்ட காட்டறேன்னு ஆட்டிக்கிட்டே போய் நீலமா காட்டினவங்க இருக்காங்க.

அறிகுறி: ரெசாசுரின் டெஸ்ட்ல ஒருத்தர் ஒரு நம்பர், இன்னொருத்தர் வேற நம்பர்

கிருமி அதிகமாக ஆக நீலத்துல இருந்து பிங்க், அப்புறம் வெள்ளைன்னு மாறற சாயம் இது, 10 நிமிஷ டெஸ்ட். 0.005% கரைசல் 1 மில்லி, பால் 10 மில்லி, 37 டிகிரி. கலர் டிஸ்க்ல 6 நீலம், 0 வெள்ளை, நடுவுல ஊதாவும் பிங்க்கும்.

எந்த வெளிச்சத்துல பார்த்தீங்க? டியூப் லைட்ல ஒருத்தரும் வாசல்ல நின்னு இன்னொருத்தரும் பார்த்தா 4ம் 3ம் மாறித்தான் வரும். ஒப்பிடற டியூப்ல சாயம் போடாத அதே பால் இருக்கணும், வெறும் தண்ணி இல்ல. 10 நிமிஷம்னா 10 நிமிஷம், டீ குடிச்சுட்டு வந்து படிக்கக்கூடாது. இவ்வளவும் சரியா இருந்தும் ஒரே ஆள் மட்டும் தொடர்ந்து மாத்திப் படிச்சா கண் டாக்டர்கிட்ட நிறப்பார்வை டெஸ்டுக்கு அனுப்புங்க, கிண்டலா சொல்லல, சிவப்பு பச்சை குழப்பம் இருக்கறவங்களுக்கு இந்த பிங்க், ஊதா விளையாட்டு ரொம்ப கஷ்டம், பாவம் அவங்களுக்கே தெரியாது.

வெள்ளையானதை குலுக்கினா பிங்க் திரும்பும், ஆனா பிங்க்கை எவ்வளவு குலுக்கினாலும் நீலம் திரும்பாது. பிங்க் சீக்கிரம் வந்து அசிடிட்டி நார்மலா இருந்தா மடி நோய் பக்கம் பாருங்க.

அறிகுறி: பாஸ்சுரைஸ் பண்ண பால்ல பாஸ்பட்டேஸ் டெஸ்ட் மஞ்சள் காட்டுது

5 மில்லி கரைசல், 1 மில்லி பால், 37 டிகிரில 2 மணி நேரம், மஞ்சள் தர்ற பொருள் மில்லிக்கு 10 மைக்ரோகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம். 72 டிகிரில 15 செகண்டோ 63 டிகிரில அரை மணி நேரமோ ஒழுங்கா சூடாகியிருந்தா பச்சைப் பால்ல இருக்கற பாஸ்பட்டேஸ்ங்கற இந்த என்சைம் செத்திருக்கணும். மஞ்சள் வந்தா மெஷின் ஆப்பரேட்டர்கிட்ட ஓடாதீங்க, முதல்ல இது:

கரைசல் பாட்டிலை வெள்ளைப் பேப்பருக்கு முன்னாடி பிடிங்க. அதுவே மஞ்சளா இருந்தா வெளிச்சத்துல கெட்டிருக்கு, கொட்டிடுங்க.

எச்சில்லயும் வியர்வையிலயும் இதே என்சைம் இருக்கு. வாயால இழுக்கற பிப்பெட், டியூப் வாயைத் தொட்ட கை, ரெண்டும் போதும் மஞ்சளுக்கு. பச்சைப் பாலுக்குப் போட்ட பிப்பெட்டை பாஸ்சுரைஸ் பாலுக்கும் போட்டா கேக்கவே வேணாம், ஒரு சொட்டு பச்சைப் பால் போதும்.

அதே பாலை கொதிக்க வச்சு ஒரு டியூப் போட்டீங்களா? கலர் சேர்த்த பால்னா அதோட சொந்த கொதிச்ச டியூப்தான் ஒப்பிட, வேற பாலோடது ஆகாது. அந்த கொதிச்ச டியூப்பும் மஞ்சள்னா உங்க கரைசல், கண்ணாடி, கலர், இதுல ஏதோ ஒண்ணு.

பால் ரொம்ப அதிக சூட்டுல போனதா, அப்புறம் குளிர வைக்காம கிடந்ததா? செத்த என்சைம் கொஞ்சம் திரும்ப உயிர் வந்த மாதிரி காட்டும், கொழுப்பு அதிகமான க்ரீம்ல இது ஜாஸ்தி. மெஷினை விட்டு வந்த உடனே எடுத்து குளிர வச்ச மாதிரில இல்லாம, சேமிச்சு வச்சதுல மட்டும் வந்தா இந்த சந்தேகத்தை வைங்க.

இதெல்லாம் தாண்டி நிஜமாவே மஞ்சள்னா இப்ப லைனுக்குப் போங்க, மாதிரியை நாலு இடத்துல எடுங்க: சூடாக்கற பகுதி முடிஞ்ச உடனே, ஹோல்டிங் டியூப் (சூடான பால் அந்த 15 செகண்ட் ஓடற குழாய்) முடிவுல, குளிர்ற பகுதி தாண்டி, டேங்க்ல. முதல் இடத்துலயே மஞ்சள்னா அதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, 15 செகண்ட் இன்னும் முடியல. ஹோல்டிங் முடிவுலயும் மஞ்சள்னா சூடோ நேரமோ பத்தல, சூட்டைப் பேப்பர்ல வரையற சார்ட் ரெக்கார்டரோட கோட்டையும் உள்ள சொருகின தெர்மாமீட்டரையும் ஒப்பிடுங்க, ரெண்டும் வேற வேற சொன்னா தெர்மாமீட்டரை சரிபார்க்கற (கேலிபரேஷன்) ஆளைக் கூப்பிடுங்க. ஹோல்டிங் முடிவுல சுத்தம், குளிர்ற பகுதி தாண்டினதும் மஞ்சள்னா ரெண்டு பாலுக்கும் நடுவுல சூட்டைக் கடத்தற ப்ளேட்ல ஓட்டை, பச்சைப் பால் இந்தப் பக்கம் கசியுது. டேங்க்ல மட்டும் மஞ்சள்னா யாரோ பச்சைப் பால் பைப்பை மாத்தி சொருகியிருக்காங்க, அல்லது சூடு பத்தாத பாலை திருப்பி அனுப்பற வால்வ் சரியா மூடல.

ப்ளேட்ல ஓட்டைங்கறது கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையா இருக்கும், கேஸ்கெட்டை மாத்திட்டு சரியாயிடும்னு நீங்களே பிரிக்காதீங்க, சாயம் விட்டோ அழுத்தம் வச்சோ பார்க்கத் தெரிஞ்ச இன்ஜினியர் வேணும். அவர் வர்ற வரைக்கும் லைன் நிக்கணும், கடைசியா பாஸ் ஆன மாதிரிக்கு அப்புறம் போன எல்லா பாலும் தனியா நிக்கணும், அது எத்தனை மணிக்கு எடுத்த மாதிரின்னு பாட்டில் மேல எழுதி வைங்க, அவர் வந்ததும் கேக்கற முதல் கேள்வி அதுதான்.